முள்ளெலி ஆட்டத்தை நிறுத்தப் பட்ட பாடு

எங்கள் ஆபீஸ் காபி மெஷினோடு வெண்டெலாவுக்கு ஒத்துவராது. பொத்தானை அழுத்தினால் அது ஒரு விநாடி கல்லு மாதிரி நிற்கும், அப்புறம்தான் உறுமும். "அழுத்தினது காதுல விழுந்துச்சா இல்லையான்னு ஒரு சின்ன வெளிச்சம் காட்டக் கூடாதா? மரியாதை தெரியாத ஜென்மம்" என்று திட்டிவிட்டுப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்க் காபி வாங்கி வருவாள். பனி கொட்டினாலும் போவாள். பன்னிரண்டு வருஷமாக இதே கதைதான்.

நோர்ஷோப்பிங் நகரில், ஆற்றங்கரைப் பழைய துணி ஆலையின் மூன்றாம் மாடியில் எங்கள் கம்பெனி. மொத்தம் ஒன்பது பேர். போனிலும் கம்ப்யூட்டரிலும் மக்கள் தொடுகிற திரைகளை நாங்கள் செய்து கொடுக்கிறோம். அதில் வெண்டெலாவின் பங்கு, தொட்டது துள்ளுவது, இழுத்தது வளைவது, விட்டது திரும்பி வந்து ஒரு ஆட்டம் ஆடி நிற்பது. நீங்கள் ஒரு பட்டையைத் தள்ளும்போது அது கொஞ்சம் கூச்சப்பட்டு நகர்ந்தால், அந்தக் கூச்சத்தை ஒருத்தி மூன்று நாள் உட்கார்ந்து செய்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் மரீட்டா. அவள் செய்வதையெல்லாம் நூறு விதமாக அழுத்தி, உடைகிறதா என்று பார்ப்பது என் வேலை. எனக்கு ஐம்பத்தேழு, அவளுக்கு முப்பத்தொன்பது. அவளை வாடி போடி என்று கூப்பிடும் உரிமையை நானே எடுத்துக்கொண்டேன், யாரும் கொடுக்கவில்லை.

அவள் அப்பா பின்லாந்துக்குப் போகும் கப்பல்களில் பந்து உருட்டும் ஆட்ட மெஷின்களைப் பழுது பார்த்தவர். பள்ளி விடுமுறை முழுக்க அந்த மெஷின்களுக்கு அடியில் படுத்துக் கிடந்தவள் இவள். "அடிச்சா அது பதில் சொல்லணும் மரீட்டா. பதில் சொல்லாத பொருளைத் தொடவே எனக்குப் பிடிக்கலை" என்பாள். டிராமில் ஏறினால் ஜன்னலைப் பார்க்க மாட்டாள். எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் கட்டைவிரலைப் பார்ப்பாள். யாராவது திரையைப் பார்த்துச் சிரித்தால், என்ன அழுத்தினார்கள் என்று எட்டிப் பார்ப்பாள். இரண்டு தடவை திட்டு வாங்கியிருக்கிறாள், எனக்குத் தெரிந்து.

ஆனால் இந்தத் தொழிலில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. இவர்கள் பார்த்துப் பார்த்துச் செய்வதை, ஆப் வெளிவந்து ஒரு மாசத்தில் யாராவது அணைத்துவிடுவார்கள். மருந்துக் கடை ஆப்புக்கு விக்கல் எடுக்கும் மாத்திரை டப்பா ஒன்று செய்தாள். இரண்டு வாரத்தில் போயிற்று. கார் நிறுத்தும் ஆப்புக்குக் கொட்டாவி விடும் கம்பம் செய்தாள். அதற்கு ஆயுசு ஒன்பது நாள். வேகம் குறைகிறது, வாடிக்கையாளர் கேட்டார், அப்புறம் போடலாம் என்று ஏதாவது ஒரு காரணம் வரும். கோப்பில் 'அசைவு வேண்டாம்' என்று ஒரு அமைப்பு எப்போதும் இருக்கும், அதைத் தட்டிவிட்டால் முடிந்தது கதை. அந்த அமைப்பை வைத்துத் தருவதும் அவளேதான். தன் பிள்ளைக்குத் தானே விஷப் புட்டி வாங்கிக் கொடுக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒரு தடவை அழுதாள்.

அப்புறம்தான் முள்ளெலி வந்தது.

உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஊரின் நகராட்சி, மழலையர் பள்ளிப் படிவங்களை எல்லாம் புதிதாகச் செய்யச் சொன்னது. இடம் கேட்பது, நேரம் மாற்றுவது, இன்று பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு சொல்வது, இடத்தை ரத்து செய்வது, எல்லாம். காலையில் ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் போன் என்று நிற்கிற அப்பா அம்மாக்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வர வேண்டும் என்று கேட்டார்கள். வெண்டெலா பிக்கெ என்று ஒரு முள்ளெலியைப் பிறக்க வைத்தாள்.

அது எப்படி எழுந்திருக்கும் என்று கண்டுபிடிக்க ஆபீஸ் கம்பளத்தில் சுருண்டு படுத்து உருண்டாள். எங்கள் புரோகிராமர் ஹம்பஸ் காபிக் கோப்பையோடு அவளைத் தாண்டிப் போனான்.

"எது முதல்ல எழும்பும் மரீட்டா, இடுப்பா தலையா?"

"உன் வயசுக்கு முதல்ல முட்டிதான்டி சத்தம் போடும்."

"பாத்துச் சொல்லு, விளையாடாத."

"இடுப்பு. ரொம்ப அசிங்கமா இருக்கு, எழுந்திரு."

பிக்கெ நன்றாக வந்தது. முதுகில் விரலை வைத்துத் தடவினால் முட்கள் அலை அலையாகப் படுத்து எழும். அனுப்பும் பொத்தானை அழுத்தினால் அது படிவத்தைச் சுருட்டி, உருட்டிக்கொண்டு போய்த் தபால் பெட்டிக்குள் தள்ளும். மூடி விழுந்ததும் பெட்டிக்குப் பின்னாலிருந்து பூக்கிரீடத்தோடு குதித்து வந்து ஆடும். மரக் கரண்டிகளைத் தட்டிப் பதிவு செய்த மூன்று சின்ன ஒலிகள். இரண்டரை விநாடி ஆட்டம். நான் முதல் தடவை பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தேன், நான் ஆபீஸில் சிரிப்பவள் இல்லை.

இந்தத் தடவை வெண்டெலா ஒரு வேலை செய்தாள். படிவம் சர்வருக்குப் போகும் கணத்தை அந்தப் பெட்டி மூடியோடு கட்டிவிட்டாள். மூடி விழுந்தால்தான் படிவம் போகும். முள்ளெலியை எடுத்தால் படிவமே போகாது. 'அசைவு வேண்டாம்' அமைப்பையும் வைக்கவில்லை. போனிலேயே அசைவைக் குறைக்கச் சொல்லி வைத்திருப்பவர்களுக்கு மட்டும், சட்டத்துக்காக, பிக்கெ ஆடாமல் பூக்கிரீடத்தோடு கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

ஹம்பஸ் கேட்டான். நான் அங்கேதான் இருந்தேன். "சும்மா ஒரு அமைதி நிலை ஒண்ணு வெச்சுடலாமே வெண்டெலா. எப்பவாவது தேவைப்படும்."

"வெச்சா அதைத்தான்டா போடுவீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?"

"எல்லாப் படிவத்துக்கும் ஆட்டம் சரியா வருமா?"

"படிவம் ஒழுங்கா போச்சுன்னா சந்தோஷம்தானே. அதுல என்ன சரியா வராது?"

எல்லோரும் சிரித்தோம். நகராட்சியில் எட்டுப் பேர் கொண்ட குழு பதினோரு தடவை கூடியது. பூக்கிரீடத்தால் சிலர் மனம் கோணுமா, வால் தெரிய வேண்டுமா என்றெல்லாம் இலவங்கப்பட்டை ரொட்டியைத் தின்றுகொண்டே பேசினார்கள். எட்டுப் பேரும் தலையாட்டும் வரை எதுவும் நகராது இந்த நாட்டில். கடைசியில் ஆட்டினார்கள். நான் இருநூற்றுப் பதினான்கு சோதனை செய்தேன். ரத்து செய்யும் படிவத்தையும் செய்தேன். காரணம் என்ற இடத்தில் மூன்று வரி: வேறு ஊருக்குப் போகிறோம், பெரிய பள்ளிக்குப் போகிறாள், மற்றவை. மூன்றையும் போட்டு அனுப்பிப் பார்த்தேன். மூன்றிலும் ஆடியது. மூன்றுக்கும் 'சரி' என்று குறி போட்டேன். அந்தக் குறி என்னுடையது, அதை நான் யார் தலையிலும் கட்ட முடியாது.

பிப்ரவரியில் வெளிவந்தது. பிள்ளைகள் லீவு சொல்லும் பொத்தானை அழுத்த அடித்துக்கொள்வதாகப் பெற்றோர் எழுதினார்கள். ஒரு அம்மா, காய்ச்சல் இல்லாத பிள்ளை லீவு வேண்டும் என்று அடம் பிடிப்பதாக எழுதியிருந்தாள். வெண்டெலா அதையெல்லாம் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினாள். யாரும் பிக்கெயை அணைக்கவில்லை. அணைக்க முடியாது.

ஜூலை வந்தது. ஜூலையில் இங்கே ஆள் நடமாட்டமே இருக்காது. எல்லோரும் நாலு வாரத்துக்குக் கோடை வீட்டுக்கோ படகுக்கோ போய்விடுவார்கள். எனக்கு விவாகரத்தில் பூனை கிடைத்தது, கோடை வீடு அவனுக்குப் போயிற்று. அதனால் ஜூலையில் ஆபீஸைக் காப்பது நான்தான். பெரிய வேலை இல்லை. ஆகஸ்ட் பதினொன்று வரை சர்வரில் யாரும் எதையும் மாற்றக் கூடாது என்று பூட்டிவிட்டுத்தான் போவார்கள். வரும் மெயிலைப் பார்ப்பேன், செடிக்குத் தண்ணீர் விடுவேன்.

இரண்டாம் வியாழக்கிழமை ஒரு மெயில் வந்தது.

"வணக்கம். எங்கள் மகள் மாய்கென் ஜூன் மாதம் இறந்துவிட்டாள். அவளுடைய பள்ளி இடத்தை ரத்து செய்யும் படிவத்தை நேற்று அனுப்பினேன். அனுப்பியதும் முள்ளெலி ஆடியது. அது எனக்குப் பரவாயில்லை. ஆனால் அதில் என் மனைவி எவெலீனாவும் கையெழுத்துப் போட வேண்டும் என்று இருக்கிறது. மாய்கெனுக்கு அந்த முள்ளெலியை ரொம்பப் பிடிக்கும். என் மனைவி போடுவதற்குள் அதை எடுத்துவிட முடியுமா? அவசரப்படுத்துவதற்கு மன்னிக்கவும். கோடை நல்லபடி அமையட்டும். யோவார்."

கீழே போன் நம்பர். நான் படித்து முடிப்பதற்குள் எங்கள் தானியங்கி பதில் அவருக்குப் போய்விட்டிருந்தது. 'உங்கள் கருத்துக்கு நன்றி! பிக்கெயும் நாங்களும் விடுமுறையில் இருக்கிறோம்!' அதன் அடியில் குளிர்கண்ணாடி போட்ட முள்ளெலி கையை ஆட்டும். அதையும் வெண்டெலாதான் வரைந்தாள்.  போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

வெண்டெலா ஓலாண்ட் தீவில் அக்கா வீட்டில் இருந்தாள். போனில் மெயிலைப் படித்துக் காட்டினேன்.  "காலையில பஸ்ஸுக்கு வர்றேன்" என்றாள். இந்த நாட்டில் விடுமுறையைப் பாதியில் விட்டு வருகிறவளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அவள் வருவதற்குள் யோவாரோடு நான் பேசிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"யோவாருங்களா? நான் மரீட்டா. முள்ளெலி விஷயமா எழுதியிருந்தீங்க."

"ஆமாங்க. லீவு நேரத்துல தொந்தரவு பண்ணிட்டேன்."

"அப்படிச் சொல்லாதீங்க. எங்க தப்பு இது." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "சர்வர் பூட்டியிருக்கு. முயற்சி பண்றோம். அவங்களைக் கொஞ்ச நாள் பொறுத்துக்கச் சொல்ல முடியுமா?"

"காலையில ஏழரைக்கு போன்ல ஒரு செய்தி வருதுங்க. 'மாய்கென் இன்னிக்கு வரலையா?'ன்னு. ரெண்டு பேர் போனுக்கும் வருது. ரெண்டு கையெழுத்தும் விழுந்தாத்தான் நிக்கும்னு நகராட்சியில சொல்றாங்க."

அந்தக் கேள்வியும் எங்கள் வேலைதான். நான் அதைச் சொல்லவில்லை. "காகிதப் படிவம் ஏதாவது குடுப்பாங்களா?"

"கேட்டேன். அதை இந்த வருஷத்தோட நிறுத்திட்டாங்களாம்."

"நீங்க பக்கத்துல இருந்து, கடைசியில அது வரும்னு முன்னாடியே சொல்லி வெச்சா?"

 "பாப்பா பேரை எடுத்தாலே அவ எழுந்து போயிடறா. 'அந்தப் படிவத்தை நானே பாத்துக்கறேன், நீ எதுவும் சொல்லாத'ன்னு சொன்னா. ஒரு மாசத்துல அவ வாயில இருந்து வந்த முழுப் பேச்சு அது ஒண்ணுதான். அதுக்குள்ளயும் நான் மூக்கை நுழைக்கணுமா?"

 முடிந்ததைச் செய்கிறோம் என்றேன். நன்றி என்றார். அந்த நன்றி என்னை ரொம்ப நாள் குத்தியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வெண்டெலா வந்தாள். மூக்கெல்லாம் வெயிலில் சிவந்து, தோளில் துண்டுப் பை, செருப்பில் மணல். நேராக என் நாற்காலிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். என் திரையில் அந்தப் படிவத்தின் நிலை தெரியும். கையெழுத்து ஒன்று: முடிந்தது. கையெழுத்து இரண்டு: காத்திருக்கிறது. குடும்பங்களின் படிவத்தை நாங்கள் இப்படித் திறந்து வைத்துப் பார்க்கக் கூடாது. பார்த்தோம்.

பூட்டைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று ஹம்பஸிடம், இன்னொன்று நகராட்சியில் படிவங்களுக்குப் பொறுப்பான உல்ரிகாவிடம். தனி ஆள் யாரும் அவசரத்தில் எதையாவது செய்துவிடக் கூடாது என்று போட்ட ஏற்பாடு. ஒன்பதாவது தடவை அடித்தபோதுதான் ஹம்பஸ் போனை எடுத்தான். பின்னால் படகுப் பாய் படபடக்கும் சத்தம்.

"எங்கடா இருக்க?"

"நடுக்கடல்ல. யாரு செத்துட்டாங்க, இத்தனை தடவை அடிக்கிறீங்க?"

சொன்னேன்.  ஹம்பஸுக்கு இரண்டு வயதில் ஒரு பையன் உண்டு.

"கம்ப்யூட்டர் வீட்டுல இருக்கு" என்றான். "வீட்டுக்காரி எடுத்துட்டு வர விடலை. காத்து சரியா இருந்தா புதன்கிழமை சாயங்காலம் கரை. அங்கிருந்து நேரா வீட்டுக்குப் போய்த் திறக்கறேன். அதுக்குள்ள உல்ரிகாவைப் பிடிங்க. வெண்டெலா, அமைதியா ஒண்ணு பண்ணி வெச்சுடு."

'அன்னிக்கே கேட்டேன்ல' என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது அவளுக்குச் சண்டை போட ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

உல்ரிகாவுக்கு மெயில் போட்டால், ஆகஸ்ட் பத்து வரை இல்லை, அவசரம் என்றால் என் துணை அலுவலருக்கு எழுதவும் என்று பதில் வந்தது. துணை அலுவலருக்கு எழுதினால், அவசரம் என்றால் உல்ரிகாவுக்கு எழுதவும் என்று வந்தது. இரண்டு பதிலும் கோடைக்கு வாழ்த்தின. நகராட்சியின் பொதுத் தொலைபேசியில் ஒரு பெண், ரொம்ப அன்பாக, படிவத்தை மூடக்கூட உல்ரிகா சொல்ல வேண்டும் என்றாள்.

வெண்டெலா வரைய ஆரம்பித்தாள். சனி, ஞாயிறு, திங்கள். எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லாத அந்த ஆபீஸில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். பெட்டி மூடி விழுந்ததும் பிக்கெ ஆடாமல் என்ன செய்யும்? முதலில் தலை குனிய வைத்தாள். ஹோட்டலில் சாப்பாடு வைத்துவிட்டுக் குனிகிற ஆள் மாதிரி இருந்தது. கண்ணில் ஒரு துளி வைத்தாள். "இது யாருக்காக அழுது? வேற ஊருக்குப் போறவங்களுக்கும் அழுமா?" என்று அவளே அழித்தாள். முதுகைக் காட்டி மெதுவாக நடந்து போக வைத்தாள். பின்பக்கம் அசைந்து அசைந்து போனது. என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "பாத்தியா? சிரிக்கறே."

"மன்னிச்சுடுடி."

"நீ என்ன பண்ணுவே. என் கைக்கு வேற எதுவுமே தெரியலை மரீட்டா. எதைப் போட்டாலும் கொஞ்சணும் போல வந்து நிக்குது. இருபது வருஷம் இதைத்தான் கத்துக்கிட்டேன். சோகமா ஒரு அடி எடுத்து வெக்க வரலை எனக்கு." பேனாவைக் கீழே வைத்தாள். "ஒழுங்கா போச்சுன்னா சந்தோஷம்தானேன்னு சொன்னேன். யாரோட சந்தோஷம் அது? சர்வரோடது. சர்வருக்குப் படிவம் கிடைச்ச சந்தோஷத்துக்கு நான் அவர் முன்னாடி ஆட்டம் ஆடிக் காட்டியிருக்கேன்."

 அவள் சொன்னது முழுக்க உண்மை.

செவ்வாய்க்கிழமை காலை முள்ளெலியையே எடுத்துவிட்டாள். பெட்டியையும் எடுத்தாள். வெள்ளைத் திரை, நடுவில் 'பெற்றுக்கொண்டோம்' என்று ஒரு சொல். அதற்கு நாலு நிமிஷம் ஆயிற்று. நான் பதினைந்து விதமாக அழுத்திப் பார்த்தேன். சரியாக இருந்தது. கோப்பு தயார், கொண்டு போய் வைக்கத்தான் இடம் இல்லை.

அன்றைக்குத்தான் எனக்குப் பொறி தட்டியது. கூட்டங்களில் உல்ரிகா தன் கோடை வீட்டு ஊரின் ஒற்றைக் கடையைப் பற்றியே பெருமை அடிப்பாள். வடக்கே, மலைப்பக்கம். அந்தக் கடைக்குப் போன் செய்தேன். "உல்ரிகாவா? பதினோரு மணிக்கு செய்தித்தாள் வாங்க வருவாளே" என்றார் கடைக்காரர். பதினொன்றேகாலுக்கு அவளே அங்கிருந்து கூப்பிட்டாள்.

"மரீட்டா! கடைக்காரர் பயமுறுத்திட்டார். என்ன, சர்வர் எரிஞ்சு போச்சா?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் அழுதாள். நிஜமான அழுகை, கடையில் நாலு பேர் முன்னால். "பாவம் அந்தப் பொண்ணு. ஐயோ, பாவம்."

"அப்ப சரின்னு ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்குச் சாயங்காலம் ஹம்பஸ் கரைக்கு வர்றான்."

"நான் ஒருத்தி எப்படிச் சொல்றது மரீட்டா? எட்டுப் பேர் உக்காந்து முடிவு பண்ணது இல்லையா அது. மத்தவங்களைக் கேக்காம எடுத்தா என்ன நினைப்பாங்க?"

"ஏழு பேரும் ஏழு தீவுல இருக்காங்க உல்ரிகா. என்ன நினைப்பாங்க? நல்லது பண்ணிருக்கேன்னு நினைப்பாங்க."

"தெரியும். எனக்கும் தெரியும். ரெண்டு பேர்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடறேன், சத்தியமா."

போனை வைத்துவிட்டுக் காகிதக் கூடையை உதைத்தேன். ஆகஸ்டில் அந்த எட்டுப் பேரும் கூடி, நாலே நிமிஷத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். மீதி நேரம் ரொட்டி தின்றார்கள். கெட்டவர்கள் யாரும் இல்லை அதில். ஒருத்தரைப் பிடித்து உலுக்கினால் தீர்ந்துவிடும் என்றால் நான் உலுக்கியிருப்பேன்.

புதன்கிழமை மழை. காலையிலிருந்து வெண்டெலா என் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இன்னிக்கு மட்டும் வேண்டாம்" என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டாள். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும்." ஹம்பஸ் ஒரு மணிக்குச் செய்தி அனுப்பினான், நல்ல காற்று, ஆறு மணிக்குக் கரை என்று. நான் ரொட்டியும் இறால் கலவையும் வாங்கி வந்தேன். அவள் தொடவில்லை.

இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு அந்த வரி மாறியது. கையெழுத்து இரண்டு: திறக்கப்பட்டது.

"மரீட்டா."

"பாத்துட்டேன்."

"அவ திறந்துட்டா. படிச்சிட்டிருக்கா. மேலயிருந்து கீழ வரைக்கும் படிக்க ரெண்டு நிமிஷம் ஆகும். அடையாளத்துக்கு ரகசிய எண் போடணும். இன்னும் அனுப்பலை." அவள் என் போனைப் பிடுங்கினாள். யோவாரின் நம்பரை அவள்தான் அழுத்தினாள், ஒலியைத் திறந்து மேஜை மேல் வைத்தாள். மூன்று தடவை மணி அடித்தது.

"ஹலோ?"

"யோவார், என் பேர் வெண்டெலா. அந்த முள்ளெலியைச் செஞ்சவ நான்தான். உங்க வீட்டம்மா படிவத்தைத் திறந்திருக்காங்க. இப்ப. எங்க இருக்காங்க?"

"மாடியில." நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம். "மாய்கென் ரூம்ல."

"போங்க. ஓடுங்க. அனுப்புறதுக்கு முன்னாடி போனை வாங்கிடுங்க, இல்லன்னா கையால மறைச்சுடுங்க. சாயங்காலம் அது போயிடும். சாயங்காலத்துக்குள்ள நான் எடுத்துடறேன்."

 மரப்படிகளில் காலடிச் சத்தம் கேட்டது. போன் அவர் கையிலேயே இருந்தது. மூச்சு இரைத்தது. ஒரு கதவு திறந்தது.

என் திரையில் பச்சை எழுத்து வந்தது. கையெழுத்து இரண்டு: முடிந்தது.

போனிலிருந்து, தூரத்தில், மரக் கரண்டிகள் மூன்று தட்டுத் தட்டின.

வெண்டெலா அசையவில்லை. அந்த ஒலியை அவள் தன் வீட்டுச் சமையலறையில் நாற்பது தடவை தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்றால், அது எங்கள் மேஜையிலேயே அடித்த மாதிரி இருந்தது.

அப்புறம் ஒரு பெண் குரல். கோபமாக இல்லை, அழவும் இல்லை. வீட்டில் யாராவது மறந்துபோன ஒரு வேலையைப் பற்றிக் கேட்கிற குரல்.

"யோவார், இந்த முள்ளெலிகிட்ட இன்னும் யாரும் சொல்லலையா?"

அவர் போனைக் கட்டிலிலோ எங்கேயோ வைத்திருக்க வேண்டும். துணி உரசுகிற சத்தம் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. யாரும் போனை அணைக்கவில்லை.

"நான் சொல்லலை" என்றாள் வெண்டெலா. போனைக் கையில் எடுக்கக்கூட இல்லை, திரையைப் பார்த்துச் சொன்னாள். "நான்தான் சொல்லலை."

அந்தப் பக்கம் யாருக்கும் அது கேட்டிருக்காது.